உங்க தம்பியா இருந்தா?

"அண்ணா, உங்க கூடப் பொறந்த தம்பியா இருந்தா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டான், எங்கள் அணியின் கால்பந்து ஆட்டக்காரன். "தம்பியா இருந்தா, போதும்டா, நிறுத்திருன்னு சொல்லுவேன்" என்றேன். அடுத்த வாரம் ஓய்வை அறிவித்துவிட்டான். 33 வயது, சென்டர் பேக் (கோலுக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரன்), வலது முழங்கால் தேய்ந்துபோன நிலைமையில். எல்லாரும் எதிர்பார்த்ததுதான் என்று அணியில் பேசிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அது இன்னும் செரிக்கவில்லை.

காயம்பட்ட உடம்பைத் தேற்றும் என் மாதிரி பிசியோவுக்கு ஒரு ஆட்டக்காரரின் கதையை யாரும் சொல்ல வேண்டியதில்லை. காலைத் தொட்டாலே பாதி தெரிந்துவிடும். அவனுக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு சின்னப் புடைப்பு இருக்கிறது. வளர்கிற வயதில் ஓயாமல் ஓடி உதைக்கிற பிள்ளைகளுக்கு, தொடைத்தசையின் நார் அந்த இளம் எலும்பை இழுத்து இழுத்து வருவது. ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்போம். வலி போய்விடும், புடைப்பு தங்கிவிடும். கொஞ்சம் கீழே தள்ளி 22 வயதில் வந்த தழும்பு. முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். என்ற நார் அறுந்து, தொடையின் பின்பக்கத்துத் தசைநாரை எடுத்துப் புதிதாகப் போட்ட இடம். ஒரு சீசன் முழுக்க அதிலேயே போனது. அப்புறம் சில்லுக்கு இரண்டு பக்கமும் பொட்டு வைத்த மாதிரி இரண்டு குறிகள், 27 வயதில், முழங்காலுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்தபோது வந்தவை.

அந்த மெனிஸ்கஸ் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். கிழிந்ததைத் தைத்தால் நாலைந்து மாதம் வெளியே உட்கார வேண்டும். கிழிந்த துண்டை வெட்டி எடுத்துவிட்டால் ஒன்றரை மாதத்தில் களத்துக்கு வந்துவிடலாம். சீசனின் கடைசிக் கட்டம் என்பதால் வெட்டினார்கள். நான் அப்போது அந்த அணியில் இல்லை. இருந்திருந்தாலும் வெட்டத்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் எலும்பும் எலும்பும் சந்திக்கிற இடத்தில் பாரத்தைப் பரவலாக வாங்கிக்கொள்வது அந்த மெனிஸ்கஸ்தான். அது குறைந்தால் பாரமெல்லாம் குருத்தெலும்பின் மேல் இறங்கும். குருத்தெலும்பு தேய்ந்தால் தேய்ந்ததுதான், திரும்ப வளராது.

கடைசி சீசனில் ஒவ்வொரு மேட்சுக்கும் மறுநாள் காலை அவன் முழங்காலில் நீர் கோத்திருக்கும். உள்பக்கம் இருப்பதை விரலால் மேலே தள்ளிவிட்டு, வெளிப்பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு தடவு தடவினால், வடிந்த இடம் மறுபடி மெல்ல உப்பிக்கொண்டு வருவது கண்ணுக்கே தெரியும். அவனும் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டு பேரும் எதுவும் பேச மாட்டோம்.

அறுவை நிபுணர் ஆடக் கூடாது என்று சொல்லவில்லை. பயிற்சியைக் குறைத்து, நீரை எடுத்து, தேவைப்பட்டால் ஊசி போட்டு இன்னொரு சீசன் ஓட்டலாம், ஆனால் தேய்மானம் வேகமாகும் என்றார். ஸ்கேன் படத்தை வைத்துக்கொண்டு நானும் இதையே பலமுறை விளக்கினேன். கேட்டுக்கொள்வான். பிறகு ஸ்வீடன் ஆட்டக்காரர் இப்ராஹிமோவிச்சைச் சொல்வான். 2022ல் அவருடைய மிலன் அணி இத்தாலி லீக் பட்டம் வென்றபோது நாற்பது வயதில் ஏ.சி.எல். இல்லாமலேயே ஆறு மாதம் ஆடியதாகவும், வாரம் ஒருமுறை முழங்காலில் நீர் எடுத்ததாகவும் அவரே எழுதியிருந்தார். நான் பதிலுக்கு நெதர்லாந்து ஆட்டக்காரர் வான் பாஸ்டனைச் சொல்வேன். கணுக்கால் போய் 28 வயதில் கடைசி மேட்ச் ஆடி, திரும்பி வர இரண்டு வருடம் போராடி, 1995ல் முடியாது என்று ஒப்புக்கொண்டவர். ஓய்வுக்குப் பிறகு வலி தாங்காமல் காலையே வெட்டிவிடுங்கள் என்று மருத்துவரிடம் கேட்டதாக அர்ஜென்டினாவின் பாட்டிஸ்டுட்டா சொன்னதையும் சொல்வேன். உடனே அவன் இங்கிலாந்தின் லெட்லி கிங்கைக் கொண்டுவருவான். ஒரு முழங்காலில் குருத்தெலும்பே இல்லாமல், வாரம் முழுக்க அணியோடு பயிற்சி செய்யாமல், மேட்சுக்கு மட்டும் இறங்கி டாட்டன்ஹாம் கிளப்புக்கு ஆடியவர். "அவரும் 31ல நிறுத்திட்டாரே" என்பேன். "நிறுத்தினாரா, முழங்கால் நிறுத்திச்சா?" என்பான். இப்படியே போகும்.

அதனால்தான் அந்தக் கேள்வி வந்தபோது நான் தயாராக இல்லை. அதுவரை பேசியதெல்லாம் முழங்காலைப் பற்றி. இது வேறு.

சட்டப்படி என் வேலை தெளிவானது. நிலைமையைச் சொல்லலாம், ஆபத்தைச் சொல்லலாம், முடிவு ஆட்டக்காரருடையது. "அது நீ எடுக்க வேண்டிய முடிவு" என்று நான் சொல்லியிருக்கலாம். அதில் யாரும் குறை காண முடியாது. ஆனால் அத்தனை வருடம் என் கையில் காலைக் கொடுத்த ஒருத்தன், வாய் திறந்து கேட்கும்போது அப்படிச் சொல்வது நழுவுவது இல்லையா? கேட்டான், மனதில் இருந்ததைச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இப்படி நினைத்து முடிப்பதற்குள் இன்னொன்று வந்து நிற்கும். எட்டு வயதில் எந்த இடத்தில் ஆடுவது என்று கோச் முடிவு செய்தார். பதினாறில் அகாடமியில் வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று ஒரு அறைக்குள் யாரோ முடிவு செய்தார்கள். எந்த கிளப்புக்குப் போவது என்பதில் ஏஜென்ட், பெஞ்சில் உட்காருவதா என்பதில் மேனேஜர், மெனிஸ்கஸை வெட்டுவதா தைப்பதா என்பதில் லீக் அட்டவணை. ஒரு கால்பந்து ஆட்டக்காரர் தானாக எடுக்கிற பெரிய முடிவு நிறுத்துவது ஒன்றுதான், அதுவும் கொடுத்து வைத்தவர்களுக்கு மட்டும். அதிலும் நான் போய் கை வைத்துவிட்டேனோ?

எனக்குக் கூடப்பிறந்த தம்பி கிடையாது, அது அவனுக்கும் தெரியும். இல்லாத தம்பிக்கு அறிவுரை சொல்வது சுலபம். அவன் சம்பளத்தில் ஓடும் வீட்டை நான் நடத்த வேண்டியதில்லை. காலையில் எழுந்து போக இடமில்லாமல் உட்காரப் போகிறவனும் நான் இல்லை. நிஜமாகவே ஒரு தம்பி இருந்திருந்தால் இன்னும் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொள் என்று சொல்லியிருப்பேனோ என்றுகூடத் தோன்றும். உடனே அந்த நீர் கோத்த முழங்கால் ஞாபகம் வரும். இல்லை, சொன்னது சரிதான் என்று ஆகும்.

இதில் எனக்கே பிடிபடாத விஷயம், அதற்குப் பிறகு யாராவது அந்த மாதிரிக் கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. "டாக்டரைப் பார், வீட்ல பேசு, நீ முடிவு பண்ணு" என்கிறேன். சொன்னது சரி என்றால் ஏன் மறுபடி சொல்லத் தயங்குகிறேன்?

அவன் இப்போது பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறான். படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிப்பதில்லை. ஒரு விசேஷத்தில் அவன் மனைவியைப் பார்த்தபோது பேச்சுவாக்கில் சொன்னார்: "என்கிட்டயும் கேட்டார் அண்ணா. இன்னும் ஒரு வருஷம் ஆடுங்கன்னுதான் சொன்னேன். ஆடாம இவர் எப்படி இருப்பார்னு எனக்குத்தானே தெரியும்." கோச்சிடமும் கேட்டானாம். அவரும் ஆடச் சொன்னாராம்.

அப்படியென்றால் நிறுத்துவதென்று முன்பே முடிவு செய்துவிட்டு, அதை வாய்விட்டுச் சொல்ல ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தானா? இல்லை, அவர்கள் இரண்டு பேரும் சொன்னதை என் வார்த்தை கவிழ்த்துவிட்டதா? முதலாவதுதான் என்று நம்ப எனக்கு ஆசை. அவனிடமே கேட்டுவிடலாம். அடிக்கடி போனில் பேசுகிறோம், பையன்களின் காயங்களைப் பற்றி நிறையக் கேட்பான். நான்தான் இதை மட்டும் இன்னும் கேட்கவில்லை.