சார்லட் கட்சி

ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் 22ஆம் அத்தியாயத்தை நான் வேகமாகத்தான் நடத்துவேன். புதன்கிழமை கதாநாயகி எலிசபெத்திடம் உறவுக்காரர் காலின்ஸ் பெண் கேட்கிறார், அவள் மாட்டேன் என்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் அதே மனிதர் அவளுடைய தோழி சார்லட் லூகாஸுக்கு நிச்சயமாகிவிடுகிறார். வகுப்பு சிரிக்கும். தேர்வில் கேள்வி வருவதெல்லாம் கதாநாயகன் டார்சி பற்றித்தான், அதனால் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவேன்.

அந்த வருடம் ஒரு பெண் எழுந்து நின்றாள். “சார்லட் பண்ணதுல என்ன மேம் தப்பு? வயசு 27, கையில காசு இல்ல. வசதியா ஒரு வீடு போதும்னு அவளே சொல்றாளே.”

தப்பு என்று நான் சொல்லவே இல்லை. என் குரல் சொல்லியிருக்கலாம். இறுதியாண்டு, ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற பெண், வீட்டில் வரன் பார்க்கிறார்கள் போல என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். அதனால் பாடத்தை விட்டுவிட்டு ஜேன் ஆஸ்டினின் சொந்தக் கதைக்குப் போனேன். 1802 டிசம்பர், மேனிடவுன் மாளிகை. தோழிகளின் தம்பி ஹாரிஸ் பிக்-விதர் பெண் கேட்கிறார். பெரிய எஸ்டேட்டுக்கு வாரிசு. ஆஸ்டினுக்கு 27 வயது நிறைய இரண்டு வாரம்தான் பாக்கி, ஏறக்குறைய சார்லட்டின் வயது. இரவு சரி என்றவர், விடிந்ததும் முடியாது என்று சொல்லிவிட்டு வண்டியேறிவிட்டார்.

இதை நான் நன்றாகச் சொல்வேன். வகுப்பு அமைதியாகிவிடும். அன்றும் ஆனது. அவள் மட்டும் உட்காரவில்லை.

“முடியாதுன்னுட்டாங்க, சரி. அப்புறம் அவங்களுக்கு யார் மேம் சோறு போட்டாங்க?”

“அப்பா இருந்தார். 1805இல் அவர் இறந்தப்புறம் அண்ணன்மார் சேர்ந்து பார்த்துக்கிட்டாங்க. 1809இல் எட்வர்டுங்கற அண்ணன் சாட்டன்ல ஒரு வீடு கொடுத்தார்.”

“அப்போ அண்ணன் இருந்தா மாட்டேன்னு சொல்லலாம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பின்வரிசை சிரித்தது. மணி அடித்தது.

பதில் சொல்ல முடியாத கேள்வி இல்லை அது. எலிசபெத்துக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. ஆண் வாரிசு இல்லாததால்தான் அவள் அப்பாவின் லாங்போர்ன் சொத்து காலின்ஸுக்குப் போகப்போகிறது. அவளுக்கு வரக்கூடியது 1000 பவுண்டு, அதுவும் அம்மா காலத்துக்குப் பிறகு. வட்டி 4 சதவீதம். கணக்குப் போட்டால் வருடத்துக்கு 40 பவுண்டு. காலின்ஸ் பெண் கேட்கும்போதே இதைச் சொல்லிக்காட்டுகிறார். அவள் அப்படியும் மாட்டேன் என்கிறாள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. சார்லட்டுக்குத் தம்பிகள் இருக்கிறார்கள். நிச்சயமானதும் அவர்களுக்கு ஒரே நிம்மதி: அக்கா கடைசிவரை கல்யாணமாகாமல் நம் தலையில் விழுவாளோ என்ற பயம் தீர்ந்தது. ஒரே ஒரு வாக்கியம். ஆஸ்டின் சிரித்துக்கொண்டே எழுதியதுபோல இருக்கும். எட்வர்ட் கொடுத்த வீட்டில் உட்கார்ந்துதான் இந்த நாவலைத் திருத்தி, 1813இல் வெளியிட்டார் என்று தெரிந்து படித்தால் அந்தச் சிரிப்பு அவ்வளவு லேசாக இல்லை.

இவ்வளவையும் மறுநாள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்டர்னல் நெருங்கிக்கொண்டிருந்தது, இன்னும் ஒரு யூனிட் பாக்கி. அதுவும் உண்மைதான். சொல்லித்தான் என்ன? அண்ணன் இருந்தாலும் உத்தரவாதம் இல்லை என்று நிரூபித்தால் அது சார்லட் கட்சிக்குத்தானே வலு சேர்க்கும்? என் வாயாலேயே “கட்டிக்கொள்” என்று சொன்னதுபோல ஆகியிருக்கும். ஆனால் ஆஸ்டின் கதையைச் சொன்னபோது மட்டும் நான் “கட்டாதே” என்று சொல்லவில்லையா? வாத்தியார் வேலையில் இது ஒரு தொல்லை. நாவலை நடத்துகிறோம் என்ற பெயரில் பிள்ளைகள் வாழ்க்கைக்குள் கையை விட்டுவிடுகிறோம், யாராவது கேட்டால் பாடம்தானே நடத்தினேன் என்கிறோம்.

அவள் வீட்டில் வரன் பார்த்தார்களா என்பதே எனக்குத் தெரியாது. கதையைப் பற்றித்தான் கேட்டாள். கேள்வியைக் கேள்வியாக எடுத்துக்கொண்டிருந்தால் அந்த மேனிடவுன் கதைக்கே அவசியம் இருந்திருக்காது. டார்சியைப் பற்றி ஒரு பையன் கேட்டிருந்தால் அவன் வீட்டு நிலவரத்தையா யோசித்திருப்பேன்?

மாடல் தேர்வில் அவள் எலிசபெத்தின் பக்கம்தான் எழுதியிருந்தாள், கைடில் இருக்கிற அதே பத்தி. நல்ல மார்க் போட்டேன். ஓரத்தில் மட்டும் ஒரு வரி சேர்த்திருந்தாள்: கல்யாணத்துக்குப் பிறகு சார்லட் தனக்கென்று வீட்டின் பின்பக்க அறையை எடுத்துக்கொண்டாள். அதற்கு நான் டிக்கும் போடவில்லை, அடிக்கவும் இல்லை.

அது கைடில் இல்லாத விஷயம். சார்லட்டின் புகுந்த வீடு இருக்கும் ஹன்ஸ்ஃபோர்டுக்குப் போகும் எலிசபெத்துக்கு முதலில் விளங்காது, முன்னறை இவ்வளவு நன்றாக இருக்கும்போது இவள் ஏன் பின்னால் உட்காருகிறாள் என்று. தெருவைப் பார்த்த அறை கணவருக்குப் பிடித்தமானது. பின்னால் உட்கார்ந்தால் அவர் அடிக்கடி வரமாட்டார். தோட்டவேலை உடம்புக்கு நல்லது என்று சொல்லி அவரை வெளியே அனுப்புவதும் சார்லட்தான். இதை ஆஸ்டின் கேலியாகத்தான் எழுதினார் என்று சில வருடம் நடத்தியிருக்கிறேன். சார்லட் ஜெயித்துவிட்டாள் என்றும் நடத்தியிருக்கிறேன். இரண்டுக்கும் பிள்ளைகள் ஒரே மாதிரி தலையாட்டி எழுதிக்கொள்கிறார்கள்.