டிவிக்குப் பக்கத்தில் வைக்கும் கணினிக்கு எந்தப் பிராசசர்? ஒரு நீலகிரிக் கணக்கு

படம், யூடியூப், போட்டோ சேமிப்பு, வாசல் கேமரா பதிவு, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கேம் என எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி வேண்டும் என்று சொன்னதும், கடையில் பேச்சு உடனே கோர் எண்ணிக்கைக்கும் கிகாஹெர்ட்ஸுக்கும் போய்விடும். ஆனால் 4கே படத்தை விரிப்பது கோர்களின் வேலையே இல்லை. பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸில் வீடியோவுக்கென்றே தனியாக ஒரு பகுதி உண்டு. படத்தின் கோடெக் (வீடியோவைச் சுருக்கிவைக்கும் முறை) அதற்குத் தெரிந்தால் சத்தமில்லாமல் ஓடும். தெரியாவிட்டால் பாரம் முழுக்கக் கோர்கள் தலையில் விழும். ஃபேன் அலறும், படம் தத்தித் தத்திப் போகும்.

அதனால் கோடெக்கிலிருந்து தொடங்குங்கள். 10 பிட் ஹெச்இவிசி என்ற கோடெக் இன்டெலில் 7ஆம் தலைமுறையிலிருந்தே உண்டு. ஏவி1 என்ற புதிய கோடெக் வந்தது 11ஆம் தலைமுறையில்தான். ஏஎம்டியில் பலர் ஏமாறுவது ரைசன் 5 5600ஜியில். கேமுக்கு நல்ல சிப்தான். ஆனால் அதிலிருக்கும் பழைய வேகா கிராபிக்ஸுக்கு ஏவி1 தெரியாது. 7600, 8500ஜி, 8600ஜி ஆகியவற்றுக்குத் தெரியும்.

இருக்கிற கணினி தேறுமா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். யூடியூபில் ஒரு 4கே வீடியோவை ஓடவிட்டு, அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறங்கள். கோடெக் வரியில் ஏவி1 ஓடுகிறதா விபி9 ஓடுகிறதா என்று தெரியும். பக்கத்திலேயே டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்து 'வீடியோ டிகோட்' கோட்டைப் பாருங்கள். அது ஏறி, சிபியு பத்து இருபது சதவீதத்தில் கிடந்தால் நல்லது. கோடு தரையில் கிடக்க சிபியு எகிறினால் கோடெக் தெரியவில்லை என்று அர்த்தம். 5600ஜி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். பிரவுசரில் ஏவி1-ஐத் தடுக்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் போட்டால் யூடியூப் விபி9 அனுப்பும். அது வேகாவுக்குத் தெரியும்.

புதிதாக வாங்குவோரில் பெரும்பாலோருக்கு இன்டெல் என்100 போட்ட மினி பிசியே போதும் என்பது என் கருத்து. 2023இல் வந்தது, நாலு கோர், 6 வாட் சிப். ஹெச்இவிசி, விபி9, ஏவி1 மூன்றையும் விரிக்கும். சும்மா இருக்கும்போது மொத்தப் பெட்டியும் 10 வாட்டை ஒட்டித்தான் இழுக்கும். குறை என்றால் மெமரி ஒரே சேனல் (தரவு போய்வர ஒரே பாதை), டிஸ்க் செருக இடம் குறைவு, கேம் கனவு வேண்டாம். 16 ஜிபி ரேம் போட்டுவிடுங்கள். கிராபிக்ஸும் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது.

இதில் மின்கணக்கும் இருக்கிறது. 24 மணி நேரமும் ஓடும் பெட்டி 10 வாட் இழுத்தால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வரும். பழைய டவர் ஒன்று 60 வாட் இழுத்தால் 86 யூனிட். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் பெரும்பங்கை அது ஒன்றே தின்றுவிடும்.

மூன்று நாலு ஹார்ட் டிஸ்க், ஜெல்லிஃபின் (சேமித்த படங்களை மற்ற கருவிகளுக்கு அனுப்பும் மென்பொருள்) வழியாக வீட்டில் நாலு பேர் நாலு படம் என்றால் ஐ3-12100. வெளியூரில் இருக்கும் பிள்ளை செல்போனில் பார்க்கும்போது 4கே படத்தைச் சுருக்கி அனுப்ப வேண்டும். அந்த வேலையில் இன்டெல் கிராபிக்ஸிலுள்ள குவிக் சிங்க் என்ற வீடியோ பகுதியை அடித்துக்கொள்ள ஆளில்லை. சுருக்கும் வேலை நிறைய என்றால் ஐ5-12500 எடுங்கள். 12400 வேண்டாம். 12500இல் வீடியோ எஞ்சின் இரண்டு, 12400இல் ஒன்றுதான். மாடல் எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் கிராபிக்ஸே கிடையாது. விலை குறைவு என்று அதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

கேமும் வேண்டும், தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம் என்றால் ரைசன் 5 8600ஜி. ரேமை ஒற்றை 16 ஜிபியாக வாங்காமல் இரண்டு 8 ஜிபியாக வாங்குங்கள். ஒற்றைக் குச்சி போட்டால் மெமரி அகலம் பாதியாகி, கொடுத்த காசு வீண்.

ஓடிடி பற்றி ஒரு வார்த்தை. அங்கே 4கே கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் திருட்டுத் தடுப்புப் பூட்டைப் பொறுத்தது. அதற்கு டிவியிலுள்ள ஆப்பையே வைத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடிக்கும் காட்டெருமைக்கும் பயந்து கேமரா வைக்காத வீடு குறைவு. கேமரா படத்தை அப்படியே டிஸ்க்கில் எழுதுவதற்கு எந்தப் பிராசசரும் போதும். நாலு கேமரா, ஒவ்வொன்றும் 4 மெகாபிட் என்றால் நாளுக்கு 170 ஜிபி சொச்சம். 1 டிபி ஆறு நாள்கூட வராது. வந்தது நாயா கரடியா என்று பிரித்துச் சொல்லவைக்கும்போதுதான் சிப்புக்கு வேலை. கேமரா குறைந்த தெளிவில் அனுப்பும் சின்ன ஸ்ட்ரீமை மட்டும் அதற்குக் கொடுத்தால் என்100 சமாளிக்கும்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 20 சதவீதம் குறைவு, கூலர் எடுத்துச் செல்லும் சூடும் அந்த அளவுக்குக் குறையும். பயப்பட ஒன்றுமில்லை. கோவையில் 35 டிகிரி அறையில் 65 காட்டும் சிப், இங்கே 18 டிகிரி அறையில் 55ஐ ஒட்டித்தான் நிற்கும். கதவு போட்ட டிவி ஷோகேஸுக்குள் வைத்தால்தான் கதை மாறும். பின்பலகையில் ஒரு கையளவு ஓட்டை போடுங்கள். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கத்தில்) ஐ3, ஐ5-இன் பவர் லிமிட்டை 65 வாட்டில் கட்டிவிட்டால், தவளைச் சத்தம் மட்டும் கேட்கும் இரவில் ஃபேன் சத்தம் துருத்தாது.

மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து கணப்பு மூட்டியவுடன் கணினியைப் போடாதீர்கள். சில்லிட்ட போர்டில் வியர்த்துவிடும். அறையும் பெட்டியும் ஒரே சூட்டுக்கு வர இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். எப்போதும் ஓடும் என்100க்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் வெதுவெதுப்பே ஈரத்தை அண்ட விடாது.

காற்றடித்து மரம் விழுந்து கரண்ட் போகும் ஊர் இது. இன்வர்ட்டர் இருந்தும் கணினி ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் இன்வர்ட்டரின் சுவிட்ச் 'நார்மல்' பக்கம் இருக்கும்; 'யுபிஎஸ்' பக்கம் தள்ளுங்கள். பயாஸில் கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி வையுங்கள். 2,000 வாட் ரூம் ஹீட்டரை மட்டும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருக வேண்டாம். ஹீட்டர் ஆன் ஆகும் நொடியில் வோல்டேஜ் இறங்கி, கிளைமாக்ஸ் நடுவில் திரை கறுத்துவிடலாம்.