பட்டிக்குத் தண்ணீர் ஆகாது

கதவின் அடி விளிம்பில் துரு பிடித்த காருக்குப் பெயின்ட் அடித்து வாங்குகிறோம். அடுத்த மழைக்காலம் போனதும் அதே இடத்தில் கொப்புளம் கிளம்புகிறது. எல்லோரும் பெயின்டைத்தான் திட்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கும்.

தகட்டின் பள்ளத்தை நிரப்பப் பூசும் பசைதான் பட்டி. அது இறுகியதும் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நம் பட்டறைகளில் பழகிப்போன முறை. தூசி பறக்காது, தேய்க்கும் உப்புப் பேப்பரும் சீக்கிரம் அடைக்காது. ஆனால் பாலியெஸ்டர் பட்டியில் டால்க் தூள் கலந்திருக்கிறது. இறுகிய பிறகும் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மேலே பிரைமரும் பெயின்டும் ஏறிவிட்டால் அந்த ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. வெயிலில் தகடு சுடும்போது பெயின்டைத் தூக்குகிறது, அடியில் இரும்பையும் அரிக்கிறது. பட்டியை உலர்ந்தபடியே தேயுங்கள். தூசிக்கு மாஸ்க் போட்டுக்கொண்டால் போச்சு.

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, கிரீஸ் ரிமூவரால் துடைக்க வேண்டும். இது தேய்ப்பதற்கு முன்பே நடக்க வேண்டியது. பிறகு துடைத்தால், டயர் பாலிஷின் சிலிக்கான் ஏற்கெனவே பேப்பரோடு கீறல்களுக்குள் இறங்கியிருக்கும். பெயின்ட் அடிக்கும்போது அங்கங்கே குழி விழும். ஒரு துணியால் தடவி, காய்வதற்குள் வேறு சுத்தமான துணியால் எடுங்கள்.

துருவை 80 நம்பர் பேப்பரால் (நம்பர் கூடக் கூடப் பேப்பர் நைசாகும்) பளிச்சென்று இரும்பு தெரியும்வரை எடுக்க வேண்டும். வயர் பிரஷ் மேலாகப் பளபளப்பாக்குமே தவிர, குழிக்குள் கறுப்புப் புள்ளி அப்படியே நிற்கும். தகடு ஓட்டையாகிவிட்டதா? அது பட்டி வேலை இல்லை, வெட்டி வெல்டிங் வைக்கும் டிங்கரிங் வேலை. சுற்றியுள்ள பழைய பெயின்டின் விளிம்பை 180, 320 என்று இறக்கி, விரலால் தடவினால் படி தட்டாதபடி சரிவாக்குங்கள். படி நின்றால் சில வாரத்தில் புதுப் பெயின்டில் வளையமாகத் தெரியும்.

வெறும் இரும்பை ராத்திரி அப்படியே விட்டுவைக்காதீர்கள், ஈரக் காற்றில் காலைக்குள் துரு பூத்துவிடும். அன்றே எபாக்ஸி பிரைமர் அடித்து, அதன் மேல் பட்டி போடலாம். அமிலம் கலந்த எட்ச் பிரைமர் மேல் மட்டும் பாலியெஸ்டர் பட்டி வேண்டாம். சரியாக இறுகாமல் பெயர்ந்து வரும்.

பட்டி 100 கிராமுக்கு, அதை இறுகவைக்கும் ஹார்டனர் சுமார் 2 கிராம். கண்ணளவில் அள்ளிப் போடுவதுதான் பலருடைய கைப்பழக்கம். கூடினால் ஹார்டனரில் இருக்கும் பெராக்சைடு மிஞ்சி மேலேறி வெளிர் நிறப் பெயின்டில் கறை காட்டும். குறைந்தால் பிசுபிசுத்துப் பேப்பரை அடைக்கும். உச்சி வெயிலில் சில நிமிடத்தில் இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். கனம் 2, 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் தகட்டை இன்னும் இழுத்து நிமிர்த்த வேண்டும் என்று அர்த்தம். பேப்பரைக் கட்டையில் சுற்றி 80-ல் வடிவம், 180-ல் சமன், 320-ல் ஓரம். வெறும் கையால் தேய்த்தால் விரல் தடம் வாய்க்காலாக விழும்.

அடுத்து டூ-கே பிரைமர், அதாவது ஹார்டனர் சேர்த்துக் கலக்கும் இரண்டு பாகப் பிரைமர். ஹார்டனர், தின்னர் அளவை டப்பாவில் போட்டிருப்பதுபோலவே அளந்து கலக்குங்கள். ஸ்பிரே கன்னில் 1.6 முதல் 1.8 மில்லிமீட்டர் நாசில், இரண்டு மூன்று கோட், நடுவில் 10 நிமிடம் போல ஆறவிட வேண்டும். முன்னதாகக் கம்ப்ரசர் டேங்கில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிட மறக்க வேண்டாம். இந்த ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. துணியும் தூசி மாஸ்க்கும் அதைத் தடுக்காது. வெளிக்காற்று வரும் மாஸ்க் வேண்டும்.

ஒரு ராத்திரி காயவிட்டு, மேலே கறுப்பு ஸ்பிரேயை மெல்லத் தூவித் தேயுங்கள். கறுப்பு எங்கே மிச்சம் நிற்கிறதோ அங்கே பள்ளம். இந்தக் கட்டத்தில் தண்ணீர் விடலாம், டூ-கே பிரைமர் தாங்கும். மினுமினுப்பு இல்லாத சாலிட் நிறத்துக்கு 400, 500 நம்பர் பேப்பர் போதும். மெட்டாலிக்குக்கு 600 வரை போங்கள், இல்லையென்றால் கீறல் தெரியும். தேய்க்கும்போது எங்காவது பட்டி எட்டிப் பார்த்தால் தண்ணீரை உடனே நிறுத்தி, அந்த இடத்தை நன்றாக உலரவிட்டு மறுபடி பிரைமர் அடித்த பிறகே நிறத்துக்குப் போக வேண்டும்.