தேயிலைச் சாயத்தில் வரைந்த லயம்

கண்டியில் ரயிலேறி நாவலப்பிட்டி தாண்டியதும் பச்சை தொடங்கிவிடும். வட்டவளை, ரொசல்ல, அட்டன் என்று மலை ஏற ஏற ஜன்னல் முழுக்க அதுதான். காலண்டர், தபால் அட்டை, தேயிலைப் பெட்டி என்று இலங்கையின் மலையகத்தைக் காட்டுகிற எல்லாவற்றிலும் அதே பச்சை. நான் இந்த முறை போனது இன்னொரு நிறத்தைத் தேடி.

அட்டனில் பிறந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையே வண்ணமாக எடுத்துத் தோட்டத்து வாழ்க்கையை வரைகிறவர். அவருடைய படைப்புகளைப் பார்த்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பச்சையாகக் கிடக்கும் ஊரில் பிறந்தவர், ஊரைச் சொல்ல ஏன் பழுப்பை எடுத்தார்? அவரிடம் கேட்கும் வாய்ப்பு எனக்கில்லை. ஆனால் அந்தச் சாயம் உண்டாகும் இடத்திலேயே போய்ப் பார்க்கலாமே என்று தோன்றியது.

அட்டனைத் தாண்டி, சிங்கமலைச் சுரங்கத்தின் இருட்டையும் கடந்தால் கொட்டகலை. அங்கே ஒரு தோட்டப் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். பிறந்து வளர்ந்த லயத்தில்தான், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்தான், இன்னும் குடும்பத்தோடு இருக்கிறார். அவரும் சாயத்தில் வரைகிறவர். போனதும் அவருடைய அம்மா ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்தார். சாப்பிட்டு முடித்ததும், தேத்தண்ணிக்குக் கொதித்த அதே கேத்தலில் மிஞ்சியதை நண்பர் ஒரு தகரக் குவளைக்கு வடித்தார். அதுதான் வண்ணம்.

முதல் பூச்சு வைக்கோல் நிறத்தில் மெலிதாக விழுந்தது. காய்ந்ததும் இன்னும் வெளுத்தது. அதன் மேல் இரண்டாவது, மூன்றாவது என்று ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்ததைப் பூசினார். ஈரம் காயும்போது சாயம் ஓரத்துக்கு ஓடி, கரையில் ஒரு கறுத்த கோடாக நின்றது. அந்தக் கோட்டை யாரும் வரையவில்லை, தானாக வந்தது. அதையே மலையின் விளிம்பாக வைத்துக்கொண்டார்.

அப்புறம் இன்னொரு குவளையைக் காட்டினார். துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு முதல் நாள் இரவே ஊறவைத்த சாயம் அது. தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மை போலக் கறுத்துப்போயிருந்தது. லயத்துக் கூரையை அதில் வரைந்தார். துருவேறிய தகரக் கூரைக்கு அதைவிடப் பொருத்தமான மை இருக்க முடியாது.

இந்த நிறத்துக்கு ஊரும் உண்டு. இலை வாடி, உருட்டும்போது நசுங்கி, காற்றுப்பட்டுத்தான் பச்சை பழுப்பாகிறது. ஆனால் எல்லா மலையும் ஒரே பழுப்பைத் தருவதில்லை. நுவரெலியா உயரத்துத் தேயிலை வெளிர் பொன்னிறம். தாழ்நிலத்துத் தேயிலை கறுப்போடும். கடையில் வாங்கும் குழாய் வண்ணம் எந்த மலையில் இருந்து வந்தது என்று சொல்லாது. இது சொல்லும்.

சாயங்காலம், பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு நண்பரின் அண்ணி வந்தார். படத்தைப் பார்க்கக் குனிந்தபோது அவர் கையைக் கவனித்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசுகிற பக்கத்தில், தோல் வெடிப்புக்குள் எல்லாம் கறுத்த பழுப்பு இறங்கியிருந்தது. நண்பர் காகிதத்தில் பல தடவை பூசிக் கொண்டுவந்த அதே நிறம்.

“கழுவுனா போகாதுங்க. தேசிக்காய் தேச்சா கொஞ்சம் வெளுக்கும். மறுநாள் மலைக்குப் போனா திரும்ப இதேதான்,” என்றார். பிறகு படத்தைக் காட்டி, “இது நம்ம லயமா தம்பி?” என்று கேட்டார்.

“தொங்கல் வீட்டைப் பாருங்க அண்ணி, தெரியலையா?” என்று வரிசையின் கடைசி வீட்டைக் காட்டினார் நண்பர்.

என் கேள்விக்கு எனக்கு அங்கேதான் பதில் கிடைத்தது. பச்சை தோட்டத்துக்குச் சொந்தம். அதைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள், அதை விற்றுத்தான் கம்பனி நடக்கிறது. கொழுந்து பறிக்கிறவரிடம் மிஞ்சுவது இந்தப் பழுப்புத்தான்: விரலில், குவளையின் அடியில், அடுப்படிச் சுவரில்.

1867இல் தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கத்து லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதிலிருந்து இந்த மலைகளை இப்படி ஆக்கியது, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குக் கூட்டிவரப்பட்ட இவர்களுடைய முன்னோர்கள். அப்படியிருந்தும் 1948இன் குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தம் லட்சக்கணக்கானவர்களை இந்தியாவுக்கு அனுப்ப வழி செய்தது. மிஞ்சியவர்களுக்கு முழுதாகக் குடியுரிமை கிடைக்க 2003 வரை ஆனது. இன்றைக்கும் தலைமுறை தலைமுறையாக இருக்கும் லயக் காம்பராவுக்கு, அந்த ஓர் அறைக்கு, காணி உறுதி என்கிற நிலப் பத்திரம் இல்லாத குடும்பங்கள் ஏராளம். கையில் காணி உறுதி இல்லாதவர், இதே மண்ணில் விளைந்த சாயத்தால் தன் வீட்டை வரைகிறார். இதை அழகு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. இது உரிமை கோரல்.

இந்திய ஓவியர் எஸ்.எச். ரஸா 1950இல் பிரான்சுக்குப் போனவர். அறுபது ஆண்டு அங்கே இருந்தும், மத்தியப் பிரதேசத்துக் காட்டு ஊரில் கழிந்த பிள்ளைப் பருவத்தைத் தன் கறுப்பு வட்டத்துக்குள் வைத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கறுப்பில் தூரம் இருக்கிறது, ஏக்கம் இருக்கிறது. மலையகத்துப் பழுப்பில் அந்தத் தூரமே கிடையாது. வீட்டை விட்டுப் போகாதவர்களின் நிறம் இது. நினைவிலிருந்து எடுக்க வேண்டியதில்லை, கேத்தலிலிருந்து எடுத்தால் போதும். எனக்கு இதுதான் நெருக்கமாக இருக்கிறது.

மலையகம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கண்டி அந்தானையில் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. இயந்திரங்களை அங்கே பார்க்கலாம். ஆனால் அதற்கு முன் கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்துக்குப் போங்கள். ஒரு பழைய லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007இல் மாற்றியிருக்கிறார்கள். தொழிலாளர்கள் புழங்கிய சாமான்கள் அங்கே இருக்கின்றன. அந்தக் காம்பராவுக்குள் நின்று அதன் அகலத்தைக் கண்ணால் அளந்துவிட்டு ரயிலேறினால், ஜன்னலுக்கு வெளியே ஓடும் பச்சைக்கு நடுவே தகரக் கூரை வரிசைகள்தான் முதலில் கண்ணில் படும்.