ஐசியூ வாசல்ல 19 நாள்: உதவி மூணாவது கதவுலயே இருந்திருக்கு

அப்பா வீட்டுக்கு வந்து மூணு வாரம் ஆகுது, இப்பதான் எழுதற தெம்பு வந்திருக்கு. நிமோனியா முத்தி வென்டிலேட்டர் வரைக்கும் போய் மீண்டு வந்தாரு. வைத்தியத்துல ஒரு குறையும் சொல்லமாட்டேன், நான் புலம்பப்போறது கதவுக்கு இந்தப் பக்கம் உக்காந்திருந்த எங்க கதையை.

முதல் தப்பு எங்களோடதுதான். அட்மிஷன் ஃபார்ம்ல தம்பி அவன் நம்பரை மட்டும் எழுதிட்டான், அவனுக்கோ நைட் ஷிஃப்ட், போனை லாக்கர்ல வெச்சுட்டுதான் உள்ள போகணும். ஐசியூல ஒரு குடும்பத்துக்கு ஒரே ஆள்கிட்டதான் விவரம் சொல்லுவோம்னாங்க, அதுவும் நியாயம்தான், ஆளாளுக்கு போன் அடிச்சா நர்ஸ் எப்ப பேஷன்ட்டைப் பாக்கறது. ஆனா மூணாம் நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு டயாலிசிஸுக்கு சம்மதம் கேட்டு தம்பிக்கு அடிச்சுக்கிட்டே இருந்திருக்காங்க, நான் அதே மாடியில நாற்காலியில முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்!

காலைல நம்பரை மாத்தப் போனா கவுன்டர்ல "பேஷன்ட் கையெழுத்து வேணும்"னாரு. வாயில குழாயோட மயக்கத்துல கிடக்கறவர்கிட்ட கையெழுத்து. இல்லன்னா ஃபார்ம்ல கையெழுத்து போட்டவர் நேர்ல வரணுமாம். தூங்கிட்டிருந்த தம்பியை எழுப்பிக் கூட்டிட்டு வந்தா, அடையாள அட்டை ஒரிஜினல் எங்கேன்னு கேட்டாரு, போன்ல இருக்கற போட்டோ செல்லாதாம். அன்னைக்கு போனது வீண் நடை.

ஆறாம் நாள் ஒரு நர்ஸ் போற போக்குல "சோஷியல் ஒர்க்கரைப் பாத்தீங்களா"ன்னு கேட்டாங்க. அப்படி ஒருத்தங்க இருக்கறதே எங்களுக்குத் தெரியாது. அவங்க ரூம் நாங்க உக்காந்த இடத்துலேருந்து மூணாவது கதவு, வீல்சேரை மடிச்சு அடுக்கி போர்டையே மறைச்சு வெச்சிருந்தாங்க. உள்ள போன அரை மணி நேரத்துல என் நம்பர் சேந்துச்சு, ஆபீஸுக்கு லெட்டர் வந்துச்சு, டாக்டர்களோட ஃபேமிலி மீட்டிங்குக்கு மறுநாளே நேரமும் வாங்கிக் குடுத்துட்டாங்க. யாராவது வந்து சொல்லுவாங்கன்னு காத்திருக்காதீங்க, முதல் நாளே மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர் யாருன்னு வாய்விட்டுக் கேட்டுடுங்க.

மீட்டிங்குக்கு கேள்வியை எழுதிட்டுப் போங்க. நான் வெறுங்கையோட போய் "எப்ப சரியாகும்"னு அதையே மூணு தடவை கேட்டுட்டு வந்தேன். அடுத்த தடவை அக்கா நோட்டோட உக்காந்தா, அப்பதான் டிரக்கியாஸ்டமின்னா கழுத்துல துளை போட்டு குழாய் வைக்கறது, வென்டிலேட்டர்ல நாள் கூடறதால அதை யோசிக்கறாங்கன்னே புரிஞ்சுது. நல்லவேளை, தேவைப்படல.

வென்டிலேட்டர் எடுத்த மறுநாள் அப்பா சுவத்துல எறும்பு ஊருதுங்கறாரு, என்னைப் பாத்து நீ யாருங்கறாரு. அக்கா பாத்ரூமுக்குள்ள போய் அழுதா. டெலிரியமாம், வென்டிலேட்டர்ல இருந்தவங்களுக்கு ரொம்ப சகஜமாம். "கண்ணாடி போடுவாரா, காது மெஷின் உண்டா"ன்னு நர்ஸ் கேட்டப்ப எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. ரெண்டும் அட்மிஷன் அன்னைக்கு பிளாஸ்டிக் கவர்ல போட்டு எங்க கையில குடுத்தது, பன்னெண்டு நாளா என் பைக்குள்ளயே கிடந்திருக்கு. பேட்டரி மாத்தி காதுல மாட்டிட்டு "அப்பா"ன்னேன். "ஏன்டா கத்தற"ன்னாரு. குழப்பம் முழுசா தெளிய இன்னும் நாலு நாள் ஆச்சு, ஆனா அந்த ஒரு வார்த்தையை அக்கா எல்லாருக்கும் போன் போட்டு சொன்னா.

ஐசியூ டைரி எழுதச் சொன்னதும் அதே நர்ஸ்தான். ஸ்காண்டிநேவியா பக்கம் ஆரம்பிச்ச பழக்கமாம். அன்னன்னைக்கு நடந்ததை தேதி போட்டு எழுதி வெச்சா, நினைவில்லாத நாளை பேஷன்ட் பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கலாம். அப்பா இப்ப தினம் ரெண்டு பக்கம் படிக்கறாரு, அதுக்கு மேல வேண்டாம்னு மூடி வெச்சுடறாரு.

என் கதை வேற. மைக்ரோவேவ் பீப் அடிச்சா மானிட்டர்னு நெனச்சு எழுந்து ஓடறேன், ராத்திரில தூக்கமே இல்ல. ஐசியூ குடும்பத்துக்கு வர்ற இந்தத் தொல்லைக்கு 2012லயே பிக்ஸ்-எஃப்னு பேர் வெச்சுட்டாங்களாம். சரின்னு கவுன்சலிங் கேட்டுப் போனா ஃபைல் நம்பர் கேக்கறாங்க. நான்தான் பேஷன்ட்டே இல்லையே, எனக்கு எங்கேருந்து ஃபைல்! அப்பா நம்பர் செல்லாதாம். மறுபடி சோஷியல் ஒர்க்கருக்குத்தான் போன் போட்டேன், நம்ம வழக்கமான டாக்டர்கிட்ட ரெஃபரல் லெட்டர் வாங்கிட்டு வாங்க, புது ஃபைல் போட்டுடலாம்னாங்க. வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட். அடையாள அட்டை ஒரிஜினலை இப்பவே பைல போட்டு வெச்சுட்டேன்.