இரும்பு–மாங்கனீசு பாஸ்பேட்டின் கடத்துத்திறனை அளந்த அனுபவம்

லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் இரும்பின் ஒரு பங்கை எடுத்துவிட்டு மாங்கனீசை வைத்தால் மின்கலத்தின் மின்னழுத்தம் உயரும். இரும்பு ஏறக்குறைய 3.45 வோல்ட்டில் வேலை செய்கிறது, மாங்கனீசு 4.1 வோல்ட்டில். 1997இல் வேதியியல் ஆய்வாளர் ஜான் குட்இனஃபின் குழுவினர் இந்தப் பாஸ்பேட்டுகளை மின்கலத்துக்குக் கொண்டுவந்தபோதே இந்தக் கலவையையும் சோதித்தார்கள். ஆனால் மாங்கனீசு கூடினால் கடத்துத்திறன் விழுகிறது. எவ்வளவு, ஏன் என்று வில்லைகளாக அழுத்தி அளந்து பார்ப்பது என் வேலை. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தயாரிப்பில் புதுமை இல்லை. லித்தியம் கார்பனேட், இரும்பு ஆக்சலேட், மாங்கனீசு கார்பனேட், அம்மோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் ஆகியவற்றை அரைத்து, 350 டிகிரி செல்சியஸில் வாயுக்களை வெளியேற்றி, மறுபடி அரைத்து, ஆர்கானில் 700 டிகிரிக்குச் சூடாக்கினேன். இரும்பு 2+ நிலையிலேயே (இரண்டு எலக்ட்ரான் இழந்த நிலை) நிற்க வேண்டும். ஆக்சிஜன் கசிந்தால் 3+ இரும்பு கொண்ட சேர்மங்கள் வரும். ஒடுக்கம் (ஆக்சிஜனேற்றத்தின் எதிர்வினை) மிஞ்சினால் இரும்பு பாஸ்பைடு வரும், அதுதான் அதிக ஆபத்து. அது உலோகம்போலக் கடத்தும். மணிகளின் எல்லையில் கொஞ்சம் படிந்தாலே கடத்துத்திறன் பல மடங்கு ஏறி, பெரிய வெற்றி கிடைத்ததாகத் தோன்றும். ஆக்சலேட் விட்டுச்செல்லும் கரியும் அப்படித்தான். அதனால் ராமன் நிறமாலையில் (லேசர் ஒளி சிதறுவதை வைத்துப் பொருளை அடையாளம் காணும் முறை) 1350, 1590 செ.மீ⁻¹ அருகே கரியின் பட்டைகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே வில்லையை அளக்க எடுத்தேன்.

கட்டமைப்பை அறிய எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு, அதாவது படிகத்தில் பட்டு எக்ஸ்-கதிர் எந்தக் கோணங்களில் சிதறுகிறது என்று அளப்பது. தாமிர இலக்கிலிருந்து வரும் எக்ஸ்-கதிர் இரும்பையும் மாங்கனீசையும் ஒளிரச் செய்து பின்னணியைத் தூக்கிவிடும். கோபால்ட் கதிருக்கு மாறினால் இரும்பு அடங்குகிறது, மாங்கனீசு அடங்குவதில்லை. ஆற்றலைப் பிரித்தறியும் உணர்கருவி இருந்தால் அதையே நம்புங்கள். மாங்கனீசு கூடக்கூட ஆலிவின் (இந்தப் பாஸ்பேட்டுகளின் படிக வகை) அலகுக்கூடு, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு பெட்டி, சீராக விரிகிறது: முழு இரும்பில் நீண்ட அச்சு சுமார் 10.33 ஆங்ஸ்ட்ராம், முழு மாங்கனீசில் 10.45. இடைப்பட்ட கலவைகள் நேர்கோட்டில் விழுந்தால், இரண்டும் ஒரே படிகத்தில் கலந்திருப்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் எந்த இடத்தில் எந்த அணு என்று எக்ஸ்-கதிரால் சொல்ல முடியாது. இரண்டுக்கும் எலக்ட்ரான் வேறுபாடு ஒன்றே ஒன்று. நியூட்ரானுக்கு அது எளிது, இரும்பின் சிதறல் நீளம் நேர்க்குறி, மாங்கனீசினுடையது எதிர்க்குறி.

என் நேரத்தை அதிகம் வாங்கியது மின்மறுப்பு அளவீடு, அதாவது பல அதிர்வெண்களில் மாறுமின்னோட்டத்துக்கு வில்லை காட்டும் எதிர்ப்பை அளப்பது. ஒரு மில்லிமீட்டர் தடிமனும் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள வில்லையின் கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு நூறு கோடியில் ஒரு பங்கு சீமென்ஸ் என்று வையுங்கள். அதன் தடை 100 மெகாஓம். மின்தேக்குதிறனோ சில பிக்கோஃபாரட்தான், இணைப்புக் கம்பிகளின் மின்தேக்குதிறனுக்கு நிகர். எனவே வில்லை இல்லாமல் திறந்த நிலையிலும், முனைகளை இணைத்தும் அளந்து திருத்துவதைத் தவிர்க்கவே கூடாது.

மின்மறுப்பின் இரு கூறுகளை (தடைக் கூறு, மின்தேக்கக் கூறு) ஒன்றுக்கு எதிராக ஒன்றாக வரைந்த வரைபடத்தில் ஒரு அரைவட்டம் தெரிந்ததும் அதைப் படிகத்தின் தடை என்று எழுதிவிடும் ஆசை வரும். முதலில் அதன் உச்ச அதிர்வெண்ணிலிருந்து மின்தேக்குதிறனைக் கணக்கிடுங்கள். பிக்கோஃபாரட் அளவில் வந்தால் படிகமணியின் உட்பகுதி. நானோஃபாரட்டை நெருங்கினால் மணி எல்லை. வில்லை நெருக்கமாக இறுகாவிட்டால் எல்லையின் தடைதான் மேலோங்கும், அது பொருளின் குணமே அல்ல. தங்கப் பூச்சு மின்முனை லித்தியம் அயனியைத் தடுப்பதால், அயனி நகர்ந்தால் குறைந்த அதிர்வெண்ணில் வால் நீளும். என் வில்லைகளில் அரைவட்டம் அச்சில் வந்து முடிந்தது. ஓடுவது பெரும்பாலும் எலக்ட்ரான்தான் என்று அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

ஈரம் இன்னொரு தொல்லை. சூடேற்றும்போது ஒரு கோடு, குளிர்விக்கும்போது வேறொரு கோடு வந்தால், மேற்பரப்பில் ஒட்டிய நீரைச் சந்தேகியுங்கள். ஆர்கான் ஓட்டத்தில் 120 டிகிரியில் உலர்த்திய பிறகு இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. காற்றில் சூடாக்கினால் இரும்பே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும்.

மாங்கனீசு கூடக்கூட அரைவட்டம் பெருத்தது, அர்ஹீனியஸ் கோட்டின் (வெப்பநிலையோடு கடத்துத்திறன் மாறுவதைக் காட்டும் கோடு) சரிவும் கூடியது, அதாவது தாவத் தேவையான ஆற்றல் உயர்ந்தது. காரணம் கட்டமைப்பிலேயே இருப்பதாக நினைக்கிறேன். இந்தப் பொருளில் மின்னூட்டம் அடுத்தடுத்த உலோக அணுக்களுக்கு, சுற்றியுள்ள அணிக்கோவைச் சிதைவையும் இழுத்துக்கொண்டு தாவுகிறது. 3+ இரும்பிலிருந்து பக்கத்து இரும்புக்குத் தாவுவது எளிது. பக்கத்தில் மாங்கனீசு இருந்தால் தொடக்கத்தில் சொன்ன 3.45, 4.1 வோல்ட்டுகளுக்கு இடையிலான, 0.6 வோல்ட்டுக்கு மேலான வேறுபாடு மேடாக நிற்கும். மின்னூட்டம் சுற்றிப் போக வேண்டும். உலோக அணுவை ஆறு ஆக்சிஜன்கள் சூழ்ந்த எண்முகிகள் முனைகளில் மட்டும் தொட்டு, இடையில் பாஸ்பேட் நிற்கும் இந்த அமைப்பில் சுற்றுவழிகள் குறைவு.

இது ஒரு பாதிதான். தாவும் 3+ இரும்பின் எண்ணிக்கையே குறைந்திருந்தாலும் தடை கூடும். மோஸ்பவர் நிறமாலை (இரும்பின் அணுக்கரு காமா கதிரை உறிஞ்சுவதை அளக்கும் முறை) 2+, 3+ இரும்பைப் பிரித்துக் காட்டும், சில சதவீதத்துக்குக் கீழே போனால் அதுவும் தடுமாறும். அதனால் கட்டுப்பாடாக லித்தியத்தைச் சிறிது நீக்கி (நீக்கிய அளவுக்கு 2+ இரும்பு 3+ ஆகும்), எல்லாக் கலவைகளிலும் 3+ இரும்பை ஒரே அளவில் வைத்து அளப்பதே இனி நான் செய்யப்போவது.