விரல் ஏன் இலக்கைத் தாண்டிப் போகிறது?

டம்ளரை எடுக்கக் கை நீட்டும்போது ஒரு தசை கையை முன்னே தள்ளும், எதிர்த்தசை சரியான நொடியில் பிடித்து நிறுத்தும். அந்த பிரேக் எப்போது விழ வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவது சிறுமூளை. கண் பார்த்துத் திருத்தட்டும் என்று விட்டால், அதற்கு 100 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிவிடும். டம்ளர் கவிழ்ந்திருக்கும்!

சிறுமூளை பழுதானால் பிரேக் தாமதமாகும். விரல் இலக்கைத் தாண்டும், திரும்பும், மறுபடி தாண்டும். நெருங்க நெருங்க நடுக்கம் கூடும். (பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது வருவது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

விரல்–மூக்குச் சோதனை (நோயாளி தன் மூக்கையும் உங்கள் விரலையும் மாறி மாறித் தொடுவது) செய்யும் மருத்துவ மாணவர்கள் கவனிக்க: நோயாளி கையை முழுக்க நீட்டினால்தான் உங்கள் விரல் எட்ட வேண்டும். கிட்டே வைத்தால் லேசான பிழை தெரியாமலே போய்விடும். இடக்கை தடுமாறினால் இடப்பக்கச் சிறுமூளையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

முதல் உலகப்போரில் குண்டடிபட்ட வீரர்களிடம் இதையெல்லாம் ஆராய்ந்து 1917இல் எழுதியவர் நரம்பியல் மருத்துவர் கார்டன் ஹோம்ஸ். பிரேக் தாமதத்தைக் காட்டும் இன்னொரு சோதனை: நோயாளி மடக்கி இழுக்கும் கையை நீங்கள் பிடித்து வைத்திருந்து சட்டென்று விட்டால், அது நிற்காமல் அவர் முகத்திலேயே அடித்துவிடும். இந்தச் சோதனைக்கு முன் உங்கள் இன்னொரு கையை அவர் முகத்துக்குக் குறுக்கே கட்டாயம் வையுங்கள்.